நம்ம வீட்டு குரூப்: தம்பியோட கண்காட்சி

தங்கச்சிமடம் அத்தை: மீனா இருக்கியா, தம்பிக்கு ஸ்கூல்ல அறிவியல் கண்காட்சியாம் எல்லாப் பிள்ளைகளும் எரிமலையே செய்யுதுகளாம் இவனுக்கு வேற என்னமாச்சும் வேணுமாம் ஒரே பிடிவாதம்

மீனா: சில்வியா செய்யச் சொல்லுங்க அத்தை. சிறுகோள், நம்பர் 87. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல கல்லாச் சுத்திக்கிட்டு இருக்குல்ல, அதுல வெளி ஓரத்துல இருக்கு. 1866 மே மாசம் நம்ம மெட்ராஸ்ல கண்டுபிடிச்சது

பாம்பன் பெரியப்பா: மெட்ராஸ்லயா??

மீனா: ஆமா பெரியப்பா, நுங்கம்பாக்கம் அப்சர்வேட்டரில. நார்மன் போக்சன்னு ஒரு வெள்ளைக்காரரு 1861ல வேலைக்கு வந்தாரு, வந்த வருசமே ஏப்ரல்ல ஒண்ணு கண்டுபிடிச்சிட்டாரு, இந்தக் கண்டத்துல இருந்து கெடச்ச முதல் சிறுகோள்ங்கிறதால ஆசியான்னே பேரு. அகலம் 58 கிலோமீட்டர் வாக்குல, ராம்நாட்ல பஸ் ஏறி ராமேஸ்வரத்துல எறங்குற தூரம்

பாம்பன் பெரியப்பா: பாத்தா அதுவும் நட்சத்திரம் மாதிரிதானம்மா தெரியும் எப்புடி பிரிச்சாரு

மீனா: நட்சத்திர வரைபடத்த வச்சுக்கிட்டு டெலஸ்கோப்ல ஒவ்வொரு புள்ளியா சரிபாக்கணும், வரைபடத்துல இல்லாத புள்ளி இருந்து அது அடுத்த ராத்திரி நகந்திருந்தா சிறுகோள். போட்டோ எடுத்துக் கண்டுபிடிக்கிறதெல்லாம் 1891லதான், அதுவரைக்கும் டெலஸ்கோப்ல வச்ச கண்ணும் பொறுமையும்தான், எனக்கு அத நெனச்சாலே மலைப்பா இருக்கு. அங்கயே வேல பாத்த ரகுநாதாச்சாரி ஒளி மாறுற நட்சத்திரம் ஒண்ணு கண்டுபிடிச்சாரு, அவரு பேரையும் சார்ட்ல எழுதச் சொல்லுங்க அத்தை

தங்கச்சிமடம் அத்தை: சரி. உருண்டையா செய்யணுமாம்மா?

மீனா: இல்ல, நீளவாக்குல. சராசரி 270 கிமீ. நல்ல கருப்பு அடிங்க, விழுற வெளிச்சத்துல நூத்துக்கு அஞ்சு பங்குகூட திருப்பி விடாது. 5 மணி 11 நிமிசத்துல தன்னையே ஒரு சுத்து சுத்திரும். முக்கியமானது, அதுக்கு ரெண்டு நிலா இருக்கு, ரோமுலஸ், ரெமுஸ். ரெண்டு நிலா உள்ள சிறுகோள்னு மொதமொத தெரிஞ்சது இதுதான், 2005ல. நிலா எவ்வளவு தூரத்துல எவ்வளவு வேகமா சுத்துதுன்னு பாத்து சில்வியாவோட எடையவே கணக்குப் போட்டுட்டாங்க, தண்ணியவிட கொஞ்சம்தான் கனம்

பாம்பன் பெரியப்பா: கல்லுங்குற, அப்புறம் எப்புடி தண்ணிகிட்ட வரும், மெதக்குமா

மீனா: முங்கத்தான் செய்யும் பெரியப்பா. ஆனா உள்ள நெறைய எடம் காலியா கெடக்கு, ஒரே பாறை இல்ல, மோதி ஒடஞ்ச துண்டுங்க ஈர்ப்புல திரும்ப ஒண்ணு சேந்தது. நிலாவும் அந்த மோதல்ல தெறிச்சதாதான் இருக்கணும்

மீனா: அத்தை சில்வியாவ 27 செமீ வச்சா ரெமுஸ் 70 செமீ தள்ளி, ரோமுலஸ் 136 செமீ தள்ளி. நிலா ரெண்டுக்கும் சின்னச் சின்ன உருண்டை போதும்

தங்கச்சிமடம் அத்தை: ஸ்கூல் மேசைல எடம் பத்தாதேடி

பாம்பன் பெரியப்பா: தங்கூஸ் நரம்பு நான் தாரேன், மேல கம்புல கட்டித் தொங்கவிடு. நாளைக்கு கரைக்கு வந்ததும் குடுத்து விடுறேன்