கிரெசிங் டெம்பிள் களஞ்சியங்கள்: உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

கேள்வி – லண்டன்வாசி
எசெக்ஸ் கிரெசிங் டெம்பிளில் இருக்கும் 13ஆம் நூற்றாண்டு தானியக் களஞ்சியங்களில் இப்போது கல்யாணம் நடக்கிறதாமே? சும்மா பார்க்கப் போனால் விடுவார்களா? கார் கிடையாது.

பதில் – எசெக்ஸ்காரர்
விடுவார்கள், ஆனால் நாள் பார்த்துப் போங்கள். 1987இல் எசெக்ஸ் கவுண்டி கவுன்சில் வாங்கிய இடம் அது. களஞ்சியத்தை விசேஷத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தால் வெளியே நின்று ஓட்டுக்கூரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வார நாளே உத்தமம். கிளம்புமுன் அவர்களுடைய இணையதளத்தில் அன்றைய நிகழ்ச்சிகளைப் பார்த்துவிடுங்கள்.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து விதாம் வரை ரயில், அங்கிருந்து டாக்ஸி. பிரெயின்ட்ரீ கிளை ரயிலில் ஒயிட் நாட்லியில் இறங்கி நடக்கலாம், ஆனால் கிராமத்துச் சாலை. மழை பெய்தால் சிரமம்.

பதில் – தச்சுப்பிரியன்
உள்ளே போனதும் சுவரைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஓடு, பலகை, செங்கல் எல்லாம் காலப்போக்கில் மாற்றியவை. பழையது ஓக் மரச்சட்டம்தான்.

முதலில் பார்லி களஞ்சியம். தூணிலிருந்து சாய்வாக ஏறும் தாங்குகட்டையின் முனையைத் தேடுங்கள். கட்டை தூணுக்குள் செருகப்படாமல், தூண் முகத்தில் வெட்டிய பள்ளத்தில் படுத்திருக்கும். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு வெட்டு இருக்கும். கட்டையை நீளவாக்கில் இழுத்தால் அது பிடித்துக்கொள்ளும். பிற்பாடு அரை நூற்றாண்டு கழித்துக் கட்டிய கோதுமைக் களஞ்சியத்தில் அதே வெட்டை உள்பக்கம் மறைத்துவிட்டார்கள், வெளியே நேர்கோடு மட்டும் தெரியும். கட்டையின் முனையில் செதுக்கிய நாக்கை (கழுந்து) துளையில் செருகி மர ஆணி அடிக்கும் முறை பரவியதும் இந்த வேலைப்பாடு வழக்கொழிந்தது. ஒரே தச்சுக் கலை வளர்ந்ததைப் பத்து நிமிட நடையில் பார்க்க வேறு இடம் எளிதில் கிடைக்காது.

கட்டை இல்லாத வெற்றுப் பள்ளங்களையும் விடாதீர்கள். அங்கிருந்த மரத்தைப் பின்னால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே வெளிச்சம் குறைவு. டார்ச்சும் பைனாகுலரும் வேண்டும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் அடித்தால் தச்சர் கீறிய குறிகள் எழும்பித் தெரியும்.

பதில் – லண்டன்வாசி
நன்றி. 1381 விவசாயிகள் கலகத்தில் இந்த இடம் தாக்கப்பட்டதாமே, களஞ்சியம் எப்படித் தப்பியது?

பதில் – எசெக்ஸ்காரர்
கோபம் தானியத்தின் மேல் இல்லை. இந்த இடம் முதலில் டெம்ப்ளர்கள் என்ற கிறிஸ்தவப் போர்வீரத் துறவிகளுடையது. அவர்கள் 1312இல் கலைக்கப்பட்டபின் இடம் ஹாஸ்பிட்டலர்கள் என்ற அதே மாதிரி இன்னொரு சபையின் கைக்குப் போனது. இந்தச் சபையின் இங்கிலாந்துத் தலைவர் ராபர்ட் ஹேல்ஸ்தான் அப்போது அரசின் கருவூலத் தலைவர். கலகத்தைக் கிளப்பிய தலைவரிக்கான (ஆளுக்கு இவ்வளவு என்ற வரி) பழி அவர் மேல் விழுந்தது. மாளிகையைச் சூறையாடினார்கள், களஞ்சியங்கள் பிழைத்தன. பக்கத்தில் மதில் சூழ்ந்த டியூடர் தோட்டம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.