சித்தப்பா வயலில் உப்பு

சிவா (பூநகரி): [படம்] அண்ணா, கடல் பக்கத்து வயலைப் பாருங்கள். இலை நுனி வெளுத்துச் சுருள்கிறது. மண் காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது.

ராஜு (மஸ்கெலியா): டொலமைட் சுண்ணாம்பு போடு தம்பி. கவ்வாத்து (கிளை நறுக்கு) வெட்டிய தேயிலை மலைக்கு நாங்கள் அதைத்தான் போடுவோம். இரண்டு மூட்டை பஸ்ஸில் ஏற்றிவிடட்டுமா?

ரூபன் (பேராதனை): அப்பா, வேண்டாம்! தேயிலை மண் புளிப்பு மண். அமில எண் (pH) 4.5க்கும் கீழே இறங்கினால் டொலமைட் போட்டுத் தூக்குகிறோம். சித்தப்பா வயலில் இருப்பது உப்பு. அதைக் கரைத்து வெளியேற்றத்தான் வேண்டும்.

ராஜு: ஜிப்சம்?

ரூபன்: சோடியம் ஏறி மண் இறுகியிருந்தால் உதவும். அப்போதும் நன்னீரும் வடிகாலும் இல்லாவிட்டால் காசுக்குக் கேடு.

சிவா: நன்னீருக்கு எங்கே போக? மழையை நம்பிய பெரும்போக நெல் ஒன்றுதான் எங்களுக்கு. இடையில் பத்து நாள் வெயில் பிடித்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடுகிறது. உவர்நீர்த் தடுப்பணையில் பலகைகள் உக்கிப்போய்விட்டன. காற்றடிக்கும் நாளில் கடனீரேரித் தண்ணீர் வாய்க்காலில் ஏறுகிறது. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

மலர் (பூநகரி): கிணறும் அப்படித்தான். தேநீர் உப்புக் கரிக்கிறது.

ராஜு: நான் அனுப்பிய தேயிலையா?! அநியாயம்.

கீதா (கடுவெல): சித்தி, வறட்சி வந்தால் இங்கும் இதே கதைதான். களனி கங்கையில் நீர் குறையும்போது கடல்நீர் அம்பத்தலை வரை ஏறி வருகிறது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் இடம் அது. ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கியதும் உண்டு. அதனால்தான் மவுசாக்கலை நீர்த்தேக்கப் பக்கம் மழையா என்று அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ராஜு: என் சுகத்தை விசாரிக்கிறாய் என்றல்லவா நினைத்தேன்.

ரூபன்: மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்ததுதானே களனி. மேலே நீர் குறைந்தால் கீழே கடல் ஏறும். மணல் அள்ளி ஆற்றடியை ஆழமாக்கியதும் கடலுக்கு வசதி. கடல் மட்டம் உயர உயர இது இன்னும் மோசமாகும். பூநகரிக்கோ, திறந்துவிட மலையில் ஓர் அணைகூட இல்லை.

சித்தப்பா, விவசாயப் போதனாசிரியரிடம் மண்ணைக் கொடுத்து உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளக்கச் சொல்லுங்கள். மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டினால் உவர் மண் என்பார்கள். நெல்லோ 3ஐத் தாண்டியதுமே விளைச்சலைக் குறைக்கத் தொடங்கிவிடும். அடுத்த மழையில் முதல் தண்ணீரை வடியவிட்டு, பிறகு வரம்பை இறுக்கித் தேக்குங்கள். வயலைக் காயவிடாதீர்கள். அடுத்த போகத்துக்கு ஏ.டி. 354 கேளுங்கள். 1992இல் வெளியிட்ட மூன்றரை மாத நெல். உவர் தாங்கும் பொக்காலி நெல்லின் வழிவந்தது.

சிவா: மொட்டைக்கறுப்பன் நெல்லை விட்டுவிடச் சொல்கிறாயா? 1977 கலவரத்துக்குப் பிறகு மலையைவிட்டு இங்கு வந்த அப்பாவுக்கு இந்த ஊர்க்காரர்கள் முதலில் கொடுத்த விதை அது. விளைச்சல் குறைவு, ஆனால் விலை உண்டு.

ரூபன்: விடச் சொல்லவில்லை சித்தப்பா. மேட்டு வயலில் அதையே போடுங்கள். கடலோரத்தில் மட்டும் இதைப் போட்டுப் பாருங்கள்.

சிவா: அரை ஏக்கர் போட்டுப் பார்க்கிறேன். விதை எங்கே கிடைக்கும்?

ரூபன்: கமநல சேவை நிலையத்தில் இப்போதே சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் போனால் கைவிரிப்பார்கள்.

மலர்: நாளை காலை நானே போகிறேன். இவரை அனுப்பினால் பேச்சுக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

ராஜு: மண் அளந்த தாளை இங்கே போடுங்கள். மலர், தேயிலை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும். மழைத் தண்ணீர் பிடித்து அதில் போடு.