மூலிகைப் பொடி கொடுத்ததும் குதிரைக்குத் தெம்பு வந்துவிட்டது: பொடிதான் காரணமா?

செவலைக்காரி:
எங்களிடம் 18 வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் சேணத்தைக் கையில் எடுத்தாலே காதை நிமிர்த்திக்கொண்டு நிற்பாள். கொஞ்ச மாதமாக ஆளே மாறிவிட்டாள். ட்ராட் (மிதமான ஓட்டம்) போகச் சொன்னால் நாலு அடி போட்டுவிட்டு நடைக்கு இறங்கிவிடுவாள். ஓட்ஸைப் பாதியில் விட்டுவிடுவாள். மேய்ச்சலில் மற்றவை எல்லாம் நகர்ந்து போனாலும் இவள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பாள்.

டாக்டர் வந்து பார்த்தார். காய்ச்சல் இல்லை. துடிப்பு நிமிடத்துக்கு 36, அது சரிதான் என்றார். சாதாரண இரத்தப் பரிசோதனையில் சோகை எதுவும் இல்லை. கடைவாய்ப் பல் கூர்ந்து கன்னத்தின் உள்பக்கத்தைக் கீறியிருந்தது, அதை அராவிவிட்டார். குடற்புழு மருந்தும் கொடுத்தார்.

அதே வாரம் தெரிந்தவர் ஒருவர் மூலிகைப் பொடி ஒன்றைக் கொடுத்தார். டப்பாவில் வெந்தயம், அதிமதுரம், அமுக்கரா, இஞ்சி என்று போட்டிருக்கிறது. எது எவ்வளவு என்று இல்லை. தீனியில் ஒரு கரண்டி கலந்து கொடுக்கிறோம். இப்போது தொட்டியை நக்கியே வைத்துவிடுகிறாள். நேற்று நீளக் கயிற்றில் சுற்றவிட்டபோது யாரும் சொல்லாமலே ட்ராட்டைவிட வேகமான கேன்டர் ஓட்டத்துக்குப் போனாள், நடுவில் பின்காலை வேறு உதறிக் காட்டினாள்! வீட்டில் எல்லோரும் பொடியின் மகிமை என்கிறார்கள். எனக்கும் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. டப்பா தீரப்போகிறது. தொடர்ந்து கொடுக்கலாமா?

பிடரிமயிர்:
கொடுங்கள், யோசிக்கவே வேண்டாம். எங்கள் கிழவனுக்கும் இதே மாதிரி ஒரு பொடிதான். ரோமத்தில் பளபளப்பு வந்தது, முகத்தில் களை வந்தது. மூலிகைதானே, கெடுதல் என்ன வந்துவிடப் போகிறது? வேலை செய்வதை ஏன் நிறுத்த வேண்டும்?

பழைய லாடம்:
பல்லை அராவியது, புழு மருந்து, பொடி. மூன்றும் ஒரே வாரத்தில். பாராட்டு மட்டும் பொடிக்கு! பல் அராவும் அரத்துக்கு யாரும் டப்பா போட்டுப் பாயும் குதிரையின் படம் ஒட்டுவதில்லை, அதனால் அதை மறந்துவிடுகிறோம்.

நான் முதலில் பல்லைத்தான் சொல்வேன். குதிரைக்கு மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அரைத்து அரைத்து மேல்பல்லின் வெளி ஓரமும் கீழ்ப்பல்லின் உள் ஓரமும் கத்தி மாதிரி ஆகிவிடும். மேலே இருப்பது கன்னத்தைக் கிழிக்கும், கீழே இருப்பது நாக்கை. அந்த வாயில் கடிவாளத்தையும் போட்டு இழுத்தால் எந்தக் குதிரை உற்சாகமாக ஓடும்? மென்றால் வலி, ஓடினாலும் வலி. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் 'சோம்பல்'.

அப்புறம் தீனிக் கணக்கு. ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை உலர்தீனி உள்ளே போக வேண்டும். 450 கிலோ குதிரை என்றால் 7 முதல் 9 கிலோ. பாதியை விட்டுவைத்த குதிரை இப்போது முழுவதும் தின்கிறது என்றால், தெம்பு அங்கிருந்துதான் வருகிறது. ஒரு கரண்டிப் பொடியில் கேன்டர் ஓடும் சக்தி இருக்காது.

அதற்காகப் பொடிக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 15 சுவைகளைக் குதிரைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை அதிகம் விரும்பியது வெந்தயம், அடுத்தது வாழைப்பழம். ஆகவே உங்கள் பொடி அவள் நாக்கை மயக்கி, தீனியை உள்ளே தள்ள உதவியிருக்கலாம். அதைச் செய்ய டப்பாவில் மற்ற மூன்று சரக்கும் தேவையில்லை.

டப்பா தீர்ந்ததும் மற்ற எதையும் மாற்றாமல் வெறும் வெந்தயத்தூளைக் கொஞ்சம் போடுங்கள் (சினையாக இருந்தால் வேண்டாம்). எதைப் போடுகிறீர்கள் என்று சவாரி செய்பவரிடம் சொல்லாதீர்கள். பொடி போட்டாயிற்று என்று தெரிந்தாலே நம் கண்ணுக்குக் குதிரை துள்ளுகிற மாதிரிதான் தெரியும். எடையை வாரம் ஒரு தடவை எழுதிவையுங்கள்.

'மூலிகைதானே' என்பவருக்கும் ஒரு வார்த்தை. பூண்டும் வெங்காயமும் மூலிகை வகைதான். அளவு மீறினால் குதிரையின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையில் கொண்டுபோய் விடும். அதிமதுரம் நீண்ட நாள் அதிகமாகப் போனால் பொட்டாசியம் குறையும். மனிதர்களிடம் இது நன்றாகவே தெரிந்த விஷயம். அளவு போடாத டப்பாவில் எது எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. 18 வயது, மாதக்கணக்கில் மந்தம். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு, அதாவது குஷிங்ஸ், இந்த வயதில்தான் தலைகாட்டும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் அது பிடிபடாது, அந்தச் சுரப்பி விடும் எசிடிஹெச் என்ற ஹார்மோனைத் தனியாகப் பார்க்க வேண்டும். ரோமம் எப்படி இருக்கிறது?

செவலைக்காரி:
எசிடிஹெச் பார்க்கவில்லை. ரோமம் மேலே எல்லாம் உதிர்ந்துவிட்டது, தாடைக்கு அடியிலும் முன்னங்கால் பின்பக்கத்திலும் மட்டும் நீளமாக அப்படியே நிற்கிறது. வயசாகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்தோம். இன்னொன்று, பல் சரி செய்வதற்கு முன்னால் ஓட்ஸைத்தான் விடுவாள், காய்ந்த புல்லை மெதுவாகவாவது தின்றுவிடுவாள்.

பழைய லாடம்:
தாடையடியில் உதிராத ரோமம்தான் பல குதிரைகளில் முதலில் கண்ணில் படும் அடையாளம். டாக்டரிடம் இதைச் சொல்லிப் பரிசோதனை கேளுங்கள். இலையுதிர் பருவத்தில் எசிடிஹெச் எல்லாக் குதிரைக்கும் இயல்பாகவே ஏறும், அதனால் அறிக்கையில் அந்தப் பருவத்துக்கான அளவோடுதான் ஒப்பிட வேண்டும். நோய் என்று உறுதியானால் பெர்கோலைடு என்று மாத்திரை இருக்கிறது. நம் நொச்சிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றின் காயை இதற்கென்றே விற்கிறார்கள். ரோமம் உதிர அது உதவலாம், ஆனால் மாத்திரைக்கு மாற்று ஆகாது.

ஓட்ஸை விட்டுப் புல்லை மட்டும் தின்பது இரைப்பைப் புண்ணிலும் நடக்கும். குதிரையின் இரைப்பை வெறுமனே கிடந்தாலும் நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால்தான் புண் உறுதியாகும். தீனியை மறுபடி விட ஆரம்பித்தால் காத்திருக்காதீர்கள். இப்போதைக்கு, சவாரிக்கு முன் கொஞ்சம் புல் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

தாவல்பட்டை:
போட்டிக்கு அழைத்துப்போகும் எண்ணம் இருந்தால் பொடியை இப்போதே ஓரம் கட்டுங்கள். டெவில்ஸ் க்ளா, வலேரியன் என்ற மூலிகைகள், மிளகாய்க் காரமான காப்சைசின் எல்லாம் சர்வதேசப் போட்டி விதிகளில் மாட்டும். 2008 ஒலிம்பிக்கில் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது காப்சைசின் சிக்கி, தாவல் போட்டியில் நார்வே அணியின் வெண்கலமே பறிபோனது. என்னென்ன கலந்திருக்கிறது என்று முழுசாகச் சொல்லாத டப்பாவை நான் லாயத்துக்குள்ளேயே விடமாட்டேன்.

செவலைக்காரி:
போட்டிக்கெல்லாம் இல்லை, அவளுக்கு ஓய்வுக் காலம்தான். டாக்டரிடம் பேசிவிட்டேன், இரத்தம் எடுக்க வருகிறார். எடை எழுதச் சொன்னீர்களே, எங்களிடம் குதிரை ஏறுகிற தராசு கிடையாதே?

பழைய லாடம்:
தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள், மூச்சை வெளியே விடும்போது. தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 180, நீளம் 160 என்றால் சுமார் 436 கிலோ. தராசு அளவுக்குத் துல்லியம் இருக்காது. ஆனால் அளப்பது ஒரே ஆளாக இருந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.