பாறையைத் தொடாத அருவி

போன சித்திரையில் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஐந்து நாள் முன்னதாகவே போய்விட்டேன். சேரன்மகாதேவியிலிருந்து பத்தமடை போகிற வழியில் உள்ளே ஒதுங்கிய சின்ன ஊர். பிறந்த வீட்டில் இப்போது அண்ணனும் மதினியும்தான். கோயிலில் வர்ணம் தீட்டுகிற வேலை நடக்கிறது என்று மதினி சொன்னதும், வெயில் தாழ எட்டிப் பார்க்கப் போனேன். அப்புறம் அந்த ஐந்து நாளும் நான் வீட்டில் இருந்த நேரம் குறைவு.

வர்ணக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சுற்றுவட்டாரத்தில் மாடனுக்கு மீசை, இசக்கிக்குக் கண், பேச்சிக்குச் சேலைக் கரை எல்லாம் அவர் கைதான். பீடத்து வேலையை முடித்துவிட்டு மேற்குச் சுவரின் உள்பக்கத்துக்கு வந்திருந்தார். பத்தடி நீளம், பிரைமர் அடித்துக் காய்ந்து கிடந்தது. அங்கே ஃப்ளெக்ஸ் மாட்டிவிடலாம் என்று சிலர் சொன்னார்களாம். கூலி வேண்டாம், பெயிண்ட் மட்டும் வாங்கித் தாங்க என்று இவர் கேட்டு வாங்கிய சுவர் அது.

"என்ன வரையப் போறிய அண்ணாச்சி?"

"விறகு விக்க வந்த சிவாஜி, தாயி. பாட்ட நிறுத்துவாருல்லா, அந்த எடம்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1965-இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த ‘திருவிளையாடல்’ எங்களுக்குத் தியேட்டர் படம் இல்லை, கொடைப் படம். வில்லுப்பாட்டு முடிந்த மறுநாள் ராத்திரி, கோயிலுக்கு முன்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி 16 எம்.எம். மெஷினில் ஓட்டுவார்கள். ரீல் மாற்றுகிற நேரத்தில் சுக்குக் காப்பி. திரைக்குப் பின்பக்கம் உட்கார்ந்தும் பார்ப்போம், சிவாஜி இடது கையால் எல்லாம் செய்வார். இவரும் பக்கத்து ஊரிலிருந்து சின்னப் பையனாக நடந்து வந்து இதே இடத்தில்தான் பார்த்திருக்கிறார்.

பாட்டுப் போட்டியில் மாட்டிக்கொண்ட பாணபத்திரரைக் காப்பாற்ற, எதிராளி ஹேமநாத பாகவதர் மதுரையில் தங்கியிருக்கிற வீட்டுத் திண்ணையில் விறகு விற்பவராக வந்து சிவன் பாடுகிற இடம் அது. டி.எம்.எஸ். குரல். அவரே பாடுவார், அவரே வீணை, அவரே மிருதங்கம். நடுவில் ஓரிடத்தில் பாட்டு நிற்கும். கூடவே உலகமும் நிற்கும்.

மாடன் கோயிலில் இந்தக் காட்சி எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பார்வதி அம்மைக்கு விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை மாடன் என்றுதான் வில்லில் பாடுகிறார்கள். பிள்ளை கோயிலில் அப்பன் இருப்பது நியாயம்தானே.

முதல் நாள் திண்ணையும் விறகுக் கட்டும் வந்துவிட்டன. ஐந்து சிவாஜி வருவாரே என்றதற்கு, "அஞ்சும் அவருதான? ஒருத்தரப் போட்டாப் போதும்" என்றார். இரண்டாம் நாள் பாபநாசத்து அருவியைப் பின்னால் வரைந்தார். வெள்ளைக் கோடுகள், அடியில் நுரை, சாரல். எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. அவர் தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு தின்னரில் துணியை நனைத்து அடிப்பகுதியைத் துடைத்துவிட்டார்.

"படம்னா ஓடிக்கிட்டே இருந்து சட்டுனு நிக்கும், நமக்குத் தெரியும். செவுத்துல எல்லாமே நின்னுக்கிட்டுதான இருக்கு தாயி? இது மட்டும் நின்னுட்டுன்னு எப்பிடிக் காட்டுதது?"

ராத்திரி படுத்தும் எனக்கு அதே நினைப்புதான்.

மறுநாள் காலையில் நான் போகுமுன் அருவியை முடித்திருந்தார். தண்ணீர் மேலிருந்து இறங்கி வந்து, பாறைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. கீழே பாறை உலர்ந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. அந்த ஒரு சாண் இடத்தில் அவர் எதுவும் வரையவில்லை, பிரைமர் வெள்ளை அப்படியே இருந்தது. நான் வாயடைத்து நின்றேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஓவியம் பார்த்திருக்கிறேன். ஓர் ஓவியன் தான் நினைத்ததைப் பிடித்துவிட்ட அடுத்த நிமிடத்தில் பக்கத்தில் நின்றது அப்போதுதான்.

அப்புறம் மளமளவென்று வந்தன. முறத்தில் அரிசி புடைக்கிற பெண்: அரிசி மேலே எழும்பி வில்லாக நிற்கிறது, முறத்தில் ஒரு மணி இல்லை. பத்தமடைப் பாய் நெய்கிறவர்: கோரையைக் கோத்த குச்சி பாவில் பாதி தூரம் போயிருக்கிறது. ஆற்றில் குடம் சரித்தவளின் தண்ணீர் நாக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாம் எங்கள் தாமிரபரணிக் கரை ஆட்கள். மதுரையும் செட்டும் போய்விட்டன, திண்ணையும் விறகும் மட்டும் படத்தினுடையவை.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். சாமி சிலை வேலை அப்பாவிடம். சுவரில் வரைகிற ஆசை திருப்புடைமருதூர் கோபுரத்தில் வந்ததாம். வாலிப வயதில் அதன் உள்மாடங்களுக்கு ஏறி, குதிரைகளை ஏற்றிவரும் கப்பலைப் பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தேன் என்றார்.

முகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். புருவம் சிவாஜி புருவம், யாருக்கும் சந்தேகம் வராது. கண் மட்டும் மாடன் கண்: பெரிதாக, ஓரத்தில் சிவப்போடியது. முப்பது நாற்பது வருடம் மாடனுக்கே கண் திறந்த கை, வேறு மாதிரி எப்படிப் போடும்? வாய் மூடியிருக்கிறது. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. பாடுகிறவரைப் பாடாத நிமிடத்தில் வரைந்திருக்கிறார்.

கருமணியை வைத்த சாயங்காலம் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தண்ணி ஏன் கீழ விழல என்று ஒரு சின்னக் குட்டி கேட்டது. கோயிலுக்கு எண்ணெய் கொண்டுவந்த ஆச்சி நின்று பார்த்தாள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"அவரு பாட்ட நிறுத்திட்டாருல்லாட்டி" என்றாள்.

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிக்கொண்டு பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசினார்.

இருட்டுவதற்குள் டப்பாக்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். அடுத்த ஊர்க் கொடைக்கு அவசரம். "சீரியல் பல்பு கட்டுதவன் இந்தச் செவுத்துல ஆணி அடிச்சிராமப் பாத்துக்க தாயி" என்றார். லைட்காரர்கள் வேலையை முடித்து ஏணியை எடுக்கும்போது மணி பதினொன்று. அதுவரை அந்தச் சுவருக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன்.