மறு: கியர் சத்தத்துக்குச் சொல்: சிணுங்கலா, கூவலா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வாகனப் பழுதுநீக்கக் கையேட்டுக்கான சொற்பட்டியலில், பற்சக்கரங்கள் (கியர்) கவ்விச் சுற்றும்போது எழும் சத்தத்துக்குச் 'சிணுங்கல்' என்று முன்மொழிந்திருக்கிறார்கள். ஆதரித்தும் பல மடல்கள் வந்துவிட்டன. என்னால் அதை ஏற்க முடியவில்லை. கம்பத்திலும் தேனியிலும் முப்பது வருடம் ஜீப்புக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் என்ற உரிமையில் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிணுங்கல் குழந்தையுடையது. விட்டுவிட்டு வரும், தூக்கினால் நின்றுவிடும். கியர் அப்படிச் சத்தம் போடுவதில்லை. ஒரே இழையாக இழுக்கும். வண்டி வேகம் எடுத்தால் இழையும் மேலே ஏறும், குறைத்தால் கூடவே இறங்கும். 'சிணுங்கல்' என்று படித்துவிட்டுப் பட்டறைக்கு வருகிற ஐ.டி.ஐ. பையன் ஃபேன் பெல்ட் வழுக்குவதைத்தான் அதுவென்று நினைப்பான். சொல் அவன் காதைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும்.

சொல் தவறினால் செலவு எங்கே போய் முடியும் என்பதற்கு என் கையில் வந்த வண்டி ஒன்றைச் சொல்கிறேன். ஏலத்தோட்டத்துக்குக் கம்பம்மெட்டு வழியாக ஆள் ஏற்றிப் போகும் பழைய பிக்கப். நான்கு சக்கரமும் இழுக்கும் வகை, முன் சக்கரத்தில் கையால் திருப்பிப் பூட்டும் ஹப். பூட்டினால் சக்கரமும் முன் ஆக்சிலும் சேர்ந்து சுற்றும், திறந்தால் சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றும். அதை ஓட்டுகிற தம்பி முதலில் போன பட்டறையில் "ஃபோர் வீல் போட்டா சத்தம் வருது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஃபோர் வீல் என்றதும், விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் என்று முடிவுகட்டி அதைக் கழற்றி, பேரிங்கெல்லாம் மாற்றி, பில்லும் போட்டுவிட்டார்கள். வண்டி வெளியே வந்தது, சத்தமும் கூடவே வந்தது.

என்னிடம் வந்தபோது "சத்தம்னா எப்படிப்பா?" என்று கேட்டேன். தம்பி கொஞ்சம் யோசித்தார். உதட்டைக் குவித்து "ஊஊஊ..." என்று இழுத்தார், கையும் தானாக மேலே ஏறியது. "கூவுதுண்ணே. நாப்பதுல போனா நல்லாக் கூவுது." பாதி நோயறிதல் அந்த ஒரு வினைச்சொல்லிலேயே முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் 'ஹவுசிங் கூவுது' என்றால், ஆக்சில் நடுவிலுள்ள ஹவுசிங் கூட்டுக்குள் கிரவுன் என்ற பெரிய பற்சக்கரமும் அதைச் சுற்றவைக்கும் பினியன் என்ற சிறிய பற்சக்கரமும் சரியாகக் கவ்வவில்லை என்று பொருள். 'உறுமுது' என்றால் பேரிங். 'தட்டுது' என்றால் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் ஜாயிண்ட் கிராஸ். யாரும் உட்கார்ந்து வரையறுக்கவில்லை, ஆனால் எல்லோரும் அந்தப் பொருளில்தான் சொல்கிறார்கள்.

இனி மீதிப் பாதி. முதலில் தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறிப் பார்த்தோம். டயர் சத்தமாக இருந்தால் ரோடு மாறும்போது மாறும். இது மாறவில்லை. நாற்பதில் போகும்போது கிளச்சை மிதித்து நியூட்ரலில் விட்டோம். எஞ்சின் அடங்கியும் கூவல் மெலிதாக ஓடிக்கொண்டே இருந்தது, ஆக எஞ்சின் வேகத்தோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பிறகு ஹப்பைத் திறந்துவிட்டு டூ வீலில் ஓட்டினோம். இந்த நிலையில் முன் ஆக்சில் ஷாஃப்ட், கிரவுன், பினியன், டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஹவுசிங்குக்கு வரும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எதுவும் சுற்றாது. கூவல் நின்றது. ஹப்பைப் பூட்டி, லிவரை டூ வீலிலேயே வைத்தோம். இப்போது முன் சக்கரங்கள் அந்தப் பாகங்களைச் சும்மா சுற்றவைக்கும், சுமை இருக்காது. கூவல் மெல்லிய இழையாகத் திரும்பி வந்தது. கடைசியாக முன் புரொப்பெல்லர் ஷாஃப்டையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டினோம். அப்போதும் இருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. முன் ஹவுசிங்தான்.

இங்கே கணக்கு ஒன்று சொல்ல வேண்டும், என் வாதம் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. அந்த வண்டியின் டயரை டேப் வைத்து அளந்தேன், ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர். மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்கு 11.1 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்கு ஐந்து சுற்றுக்குச் சற்று மேல். கிரவுனில் 43 பல், பினியனில் 8. கிரவுன் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுவதால் நொடிக்குச் சுமார் 217 பல் கவ்வி விலகுகிறது. 217 அதிர்வு என்பது 220க்குப் பக்கம். அது ஆறு கட்டை சுருதி. போனில் சுருதிப்பெட்டிச் செயலியை ஆறு கட்டையில் ஓடவிட்டு, தம்பியை நாற்பதிலேயே பிடித்து ஓட்டச் சொன்னேன். ஹவுசிங்கும் செயலியும் ஒன்றோடொன்று சேர்ந்தே ஒலித்தன. கொஞ்சம் வேகம் கூடியதும் விலகின. அன்றைக்கு என் கை மயிர் சிலிர்த்தது. இத்தனை வருடம் காதால் மட்டும் அறிந்திருந்ததை எண்ணில் கண்ட நாள் அது.

ஆகவே பல் கவ்வும் சத்தத்துக்குச் சுருதி உண்டு. புள்ளி விழுந்த பேரிங் உறுமும், இரையும். அதற்குச் சுருதி பிடிக்க முடியாது. புரொப்பெல்லர் ஷாஃப்டின் எடை சமன் குலைந்திருந்தால், அதே நாற்பதில் அது நொடிக்கு 27 சுற்றுத்தான் சுற்றும். அதைக் காதைவிட முதுகுதான் முதலில் அறியும், சீட் அதிரும். நாம் தேர்ந்தெடுக்கும் சொல் இந்த வேற்றுமையைத் தன்னுள்ளே வைத்திருக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் 'சுருதி உள்ள சத்தம்' என்று மனதில் படவேண்டும்.

வந்த மற்ற பரிந்துரைகளையும் இந்த உரைகல்லில்தான் உரசிப் பார்த்தேன். 'ரீங்காரம்' சுருதி உள்ளதுதான், ஆனால் வண்டோடும் இனிமையோடும் ஒட்டிவிட்ட சொல், பழுது என்ற எண்ணமே அதில் எழாது. 'ஊளை' நல்ல சொல். ஆனால் நாய் ஊளையிடும்போதும் ஆடிக்காற்று சன்னலில் ஊளையிடும்போதும் சுருதி தானாக வழுக்கும். கியர் வண்டி வேகத்தின் பிடியிலேயே நிற்கும். தமிழாசிரியர் ஐயா ஒருவர் தொல்காப்பிய உரியியலிலிருந்து 'இரங்கல்' என்ற சொல்லை எடுத்துக்காட்டினார். கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் நான்கையும் அரவப் பொருளிலும், துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் நான்கையும் இசைப் பொருளிலும் தொல்காப்பியர் தனித்தனியே வைத்திருக்கிறார் என்று அவர் எழுதிய மடலை இரண்டு முறை படித்தேன். சத்தத்தை வகை பிரித்துப் பேசும் பழக்கம் நம் மொழிக்கு அவ்வளவு பழையது என்பதில் எனக்குப் பெருமை. ஆனால் ஐயா, இன்றைக்கு 'இரங்கல்' என்றால் சுவரொட்டியும் கறுப்புக் கரையும்தான் கண்முன் வரும். பட்டறையில் அது நிற்காது.

என் பரிந்துரை 'பற்கூவல்'. பற்சக்கரம், பற்பசை போலப் பல்லோடு இயல்பாகப் புணர்ந்த சொல். மெக்கானிக்குக் கூவல் ஏற்கெனவே தெரியும், எந்தப் பாகத்திலிருந்து என்பதை மட்டும் முன்னொட்டுச் சொல்கிறது. பழைய இலக்கியத்தில் கூவல் என்றால் கிணறு என்று ஒருவர் தடை எழுப்பியிருந்தார். உண்மைதான். ஆனால் பல் என்று முன்னால் வந்த பிறகு கிணற்றை யார் நினைப்பார்கள்? கூவுவது விட்டுவிட்டு வருவதுதானே என்று கேட்டவருக்கு: குயிலைக் கவனியுங்கள். ஒவ்வொரு கூவலிலும் சுருதி ஏறிக்கொண்டே போகும், வேகம் எடுக்கும் வண்டி மாதிரி. சிணுங்கலில் அந்த ஏற்றம் இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. கிரவுன் பல்லின் ஒரு பக்கம் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது சுமை தாங்கும், மறுபக்கம் விடும்போது தாங்கும். மிதித்தால் கூவுவதை 'மிதிகூவல்' என்றும் விட்டால் கூவுவதை 'விடுகூவல்' என்றும் வினைத்தொகையாகவே சொல்லிவிடலாம், எந்தப் பக்கப் பல் தேய்ந்திருக்கிறது என்பதை மாணவன் சொல்லிலிருந்தே பிடித்துக்கொள்வான். 'சிணுங்கல்' என்பதை வைத்து இப்படிக் கிளைவிட முயன்று பார்த்தேன், வரவில்லை.

அந்த வண்டி என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதில் இருந்தது மிதிகூவல். மண் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு மிதித்தபோது கூவல் தடித்தது, காலை எடுத்ததும் சுருதி மாறாமல் சத்தம் மட்டும் தாழ்ந்தது. முன் ஹவுசிங் ஆயிலை வடித்தோம். 90 நம்பர் ஆயில் வெயிலில் சாம்பல் நிறமாக மின்னியது, விரலில் தேய்த்தால் வெள்ளிப் பொடி ஒட்டியது. பினியன் நட் தளர்ந்து பினியன் இடம் நகர்ந்திருந்தது. பல்லில் நீலம் தடவிச் சுற்றிப் பார்த்தால் தடம் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தது. பின்னால் புது டயர், முன்னால் மொட்டை டயர் போட்டுக்கொண்டு, தார் ரோட்டுக் கொண்டை ஊசி வளைவுகளிலும் ஃபோர் வீலிலேயே தம்பி ஏறியிருக்கிறார். டயர் ஆரத்தில் 10 மி.மீ. வித்தியாசம் இருந்தால், ஒரு கிலோமீட்டருக்கு முன் சக்கரம் 13 சுற்று அதிகம் சுற்றும். மண்ணில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்காது, முறுக்கெல்லாம் பல்லின் மேல் ஏறும். நட் தளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பேரிங் இரண்டும் மாற்றி, கிரவுன் பினியனை ஜோடியாகப் போட்டு, ஷிம் என்ற மெல்லிய தகடுகளை வைத்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை 0.15 மி.மீ.க்குக் கொண்டுவந்தோம். அதன்பிறகு அது கூவவில்லை.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பரிந்துரையாக வந்த 'பகிர்பெட்டி' என்ற சொல்லில் எனக்கு முழுச் சம்மதம். விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பகிர்ந்து கொடுப்பதுதான் அதன் வேலை, அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

கையேட்டுக்கு நான் எழுதிப் பார்த்த பதிவு இது:

பற்கூவல்: பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்வும்போது எழும், சுருதி பிடிக்கக்கூடிய தொடரொலி. வண்டி வேகத்தோடு சுருதி ஏறி இறங்கும். ரோடு மாறினால் மாறாது. மிதிகூவல், விடுகூவல் காண்க.

'தொடரொலி' என்பதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை, சிறந்தது இருந்தால் மாற்றிவிடலாம். ஒரு வேண்டுகோளும் உண்டு. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்ட லாரியோ ஜீப்போ ஓட்டுகிற உறவினர் உள்ளவர்கள், இந்தச் சத்தத்தை அங்கே எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். போனிலேயே சத்தத்தை வாயால் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் வாயில் முதலில் வரும் வினைச்சொல் எதுவோ, அதை அப்படியே மடலில் போடுங்கள்.