கொழுந்து நிறுவை ஆப்: ஸ்க்ரீன் மாறும்போது டேட்டா எங்கே தொலையுது?

ஹட்டன்:
(பேசுற டெவலப்பர்களை ஊர்ப் பேரால குறிச்சிருக்கு.) தோட்டத்துல பறிக்கிற தேயிலைக் கொழுந்தை ஆள்வாரியா நிறுத்துப் பதியிற ஆண்ட்ராய்டு ஆப்பில் அடிக்கடி வர்ற கேஸ் இது. ஆள் பட்டியல் ஸ்க்ரீனில் இருந்து நிறுவை ஸ்க்ரீனுக்குப் பேர், செக்ரோல் நம்பர் (தோட்டப் பதிவேட்டில் ஆளோட நம்பர்), போட்டோ எல்லாத்தையும் இன்டென்ட்டுக்குள்ள (அடுத்த ஸ்க்ரீனைத் திறக்க அனுப்புற செய்தி) திணிச்சு அனுப்புறது. பத்துப் பேரை வச்சு டெஸ்ட் பண்ணினா நல்லா ஓடும். முழு டிவிஷன் (தோட்டப் பிரிவு) ஆட்களையும் ஏத்தினதும் 'ட்ரான்ஸாக்‌ஷன் டூ லார்ஜ்' என்று ஆப் விழும். இன்டென்ட் போற வழியான பைண்டர் பஃபர் ஒரு ப்ராசஸுக்கே (ஓடிக்கிட்டு இருக்கிற ஆப்புக்கே) 1 எம்பிதான். அந்த நேரம் நடக்கிற எல்லாப் பரிமாற்றமும் அதுக்குள்ளதான் அடங்கணும், அதனால 1 எம்பிக்குக் குறைவா அனுப்பினாலும் விழலாம். ஆண்ட்ராய்டு 7இல் இருந்து ஹோம் பட்டனை அமத்தும்போதும் விழும். அப்ப சேவ் பண்ணுற ஸ்டேட்டும் (ஸ்க்ரீன் இருந்த நிலை) அதே பஃபரால போறதுதான் காரணம். பிழையை அடுத்த ஸ்க்ரீனில் தேடிக்கிட்டு இருக்காதீங்க.

செக்ரோல் நம்பரை மட்டும் அனுப்புங்க. மிச்சத்தை அந்தப் பக்கம் ரூம் (போனுக்குள்ளேயே டேட்டா வைக்கிற ஆண்ட்ராய்டு லைப்ரரி) டேட்டாபேஸில் இருந்து எடுக்கலாம். மலையில கவரேஜ் இல்லாதபடியா டேட்டாபேஸ் எப்படியும் போனுக்குள்ளதானே இருக்கு.

பண்டாரவளை:
ரெண்டு ஸ்க்ரீனும் ஒரே ஆக்டிவிட்டிக்குள்ள (ஆப்போட முழு ஜன்னல்) இருக்கிற ஃப்ராக்மென்ட் (அதுக்குள்ள மாறுற பகுதி) என்றால் இன்னொரு வில்லங்கம். ரெண்டு பக்கமும் 'வியூமாடல்ஸ்' என்று எழுதினா ரெண்டு தனித்தனி வியூமாடல் (ஸ்க்ரீனோட டேட்டாவை மெமரியில வச்சிருக்கிற பகுதி) பிறக்கும், ரெண்டாவது காலியா நிக்கும். 'ஆக்டிவிட்டி வியூமாடல்ஸ்' போட்டா அது சரியாகும். ஆனா முன்னால நிறுவை முடிச்ச ஆளோட கிலோ அடுத்த ஆளோட பேரில் அப்படியே தெரியும், ஆக்டிவிட்டி மூடும்வரை அது அழியாது. நிறுவைக்கு என்று தனி நேவிகேஷன் க்ராஃப் (ஸ்க்ரீன்களோட வழி வரைபடம்) வச்சு, வியூமாடலை அதோட கட்டுங்க. நிறுவை முடிஞ்சு க்ராஃப் பேக்ஸ்டாக்கில் (திறந்த ஸ்க்ரீன்களோட அடுக்கு) இருந்து போனதும் அதுவும் போயிடும்.

மஸ்கெலியா:
வியூமாடலை மட்டும் நம்பினா மடுவத்துல (கொழுந்து நிறுக்கிற கொட்டகை) மாட்டிக்குவீங்க. ரேம் குறைஞ்ச போனில் ஆளோட கார்டை ஸ்கேன் பண்ணக் கேமரா ஆப்பைத் திறந்தாலே நம்ம ப்ராசஸைச் சிஸ்டம் கொன்னுடும். திரும்பி வந்தா ஸ்க்ரீன் இருக்கும், கிலோ இருக்காது. செக்ரோல் நம்பரை சேவ்ட்ஸ்டேட்ஹேண்டிலில் (ப்ராசஸ் செத்தாலும் தப்புற சின்னச் சேமிப்பு) வைங்க; அடிக்கிற கிலோவை அப்பப்ப ரூமில் டிராஃப்டா எழுதுங்க.

போனைத் திருப்பிப் பார்க்கிற டெஸ்ட் இதைக் காட்டாது, வியூமாடல் அதில் தப்பிடும். ஹோம் அமத்தி, ஏடிபியில் (கம்ப்யூட்டரில் இருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கிற டூல்) 'ஷெல் ஏஎம் கில்' கட்டளையோட பேக்கேஜ் பேரைக் கொடுத்து, ரீசண்ட்ஸில் (அண்மையில் திறந்த ஆப் பட்டியல்) இருந்து திறந்து பாருங்க. ரீசண்ட்ஸில் தள்ளி மூடினா சேவ்ட் ஸ்டேட்டும் சேர்ந்து போயிடும், அது வேற டெஸ்ட்.

நானுஓயா:
அண்ணன், கிலோவைப் பட்டியலுக்குத் திருப்பி அனுப்புறது?

ஹட்டன்:
டேட்டாபேஸில் எழுதிட்டா அனுப்பவே தேவையில்ல தம்பி, பட்டியல் ஃப்ளோவை (டேட்டா மாறினதும் சேதி சொல்ற ஓடை) கேட்டுக்கிட்டு இருந்தா தானாவே மாறும். அனுப்பித்தான் ஆகணும் என்றால் ஃப்ராக்மென்ட் ரிசல்ட் (ஒரு ஃப்ராக்மென்ட்டில் இருந்து இன்னொண்ணுக்கு விடை அனுப்புற வழி). கீயில (அனுப்புறதுக்கு வைக்கிற அடையாளப் பேர்) ஒரு எழுத்துப் பிசகினாலும் எர்ரர் வராது, சும்மா ஒண்ணும் நடக்காது. கீயை ஒரே கான்ஸ்டன்டா வைங்க. டைப்பையும் கவனிங்க. 18.5ஐ ஃப்ளோட்டா (தசம எண்) வச்சு, அந்தப் பக்கம் இன்ட்டா (முழு எண்) எடுத்தா, டேட்டாவைச் சுமக்கிற பண்டில் லொக்கில் ஒரு எச்சரிக்கையை எழுதிட்டு 0 கொடுக்கும். ஆப் விழாது, அந்த ஆளோட கிலோதான் காணாமப் போகும்.