கிராங்க் ஷாஃப்ட்: கிரைண்டிங் போதுமா, புதிது வேண்டுமா? என் அனுபவம்

எங்கள் வண்டியின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில், பிஸ்டன்களின் மேல்-கீழ் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சேதமடைந்தபோது நேர்ந்தவற்றை, அதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் சற்று விரிவாகவே பகிர்கிறேன்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் மட்டும் ஆயில் பிரஷர் விளக்கு மின்னத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சினின் அடியிலிருந்து கனத்த தட்டல் ஓசை வந்தது. இன்ஜெக்டர் கோளாறாக இருக்கலாம் என்று சிலர் கூறினர்; ஆனால் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றியதும், ஆயிலில் மிதந்த செம்பு நிறத் துகள்களே விடை கூறிவிட்டன. மூன்றாவது சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு ஷாஃப்ட்டைப் பற்றும் இடத்தில் உள்ள, இரு பாதிகளான உலோக உறை) தன் இருப்பிடத்தை விட்டுச் சுழன்று, ஒரு பாதி மற்றொரு பாதியின் மேல் ஏறி, ஆயில் துளையை மூடியிருந்தது. அந்த ஜர்னலின், அதாவது பேரிங்குக்குள் சுழலும் ஷாஃப்ட் பகுதியின், மேல் விரல் நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு கீறலிலும் தடுக்கியது. ஒரு பக்கம் வெப்பத்தால் நீலம் பாய்ந்திருந்தது.

கிரைண்டிங் பட்டறையில், ஜர்னலை 0.50 மி.மீ. குறைத்துக் கடைந்துவிட்டால் போதும் என்றனர். அதற்கு முன் எல்லா ஜர்னல்களையும் மைக்ரோமீட்டரால் அளக்கும்படி வலியுறுத்தினேன். ஒரே ஜர்னலை இரு முனைகளிலும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலும் அளந்தால்தான் அது நீள்வட்டமாகத் தேய்ந்துள்ளதா, ஒரு முனை சிறுத்துள்ளதா என்பது தெரியும். காந்தத் துகள் சோதனையில் வெடிப்பு எதுவும் இல்லை. ஷாஃப்ட்டை வி-பிளாக்கில் ஏற்றி டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் வளைவும் இல்லை.

இருந்தும் நான் புதிய ஷாஃப்ட்டையே வாங்கினேன். காரணம், எங்களுடையது நைட்ரைடிங் முறையில், அதாவது வெப்பத்தில் நைட்ரஜனை மேற்பரப்புக்குள் ஊடுருவச் செய்து, கடினப்படுத்தப்பட்டது. இம்முறையில் கடினமான மேற்பரப்பு பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழமே இருக்கும் என்பதால், அதைக் கடைந்து நீக்கிய பின் மீண்டும் நைட்ரைடிங் செய்யாமல் பொருத்தினால் ஜர்னல் விரைவிலேயே தேய்ந்துவிடும். மேலும், இந்த எஞ்சினுக்கு, கடைந்து சிறுத்த ஜர்னலுக்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங் தயாரிப்பாளரிடமே கிடையாது. இதற்கு மாறாக, இண்டக்ஷன் (மின்காந்தத் தூண்டலால் சூடாக்கும்) முறையில் கடினப்படுத்தப்பட்ட ஷாஃப்ட்டில் கடினப் பகுதி சில மில்லிமீட்டர் ஆழம் வரை செல்வதால், 0.25 மி.மீ. கிரைண்டிங்கைத் தயங்காமல் செய்யலாம். எங்கள் பழைய எஞ்சின் அப்படிச் செய்த பிறகும் நன்றாகவே உழைத்தது. கடையும்போது ஜர்னலின் ஓரத்து வளைவை, அதாவது ஃபில்லட்டை, கூர்மையாக வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம், ஏனெனில் ஷாஃப்ட் முறிவதற்கான வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது சேதத்தின் மூலக் காரணம். முன்பு வேறொரு பட்டறையில் சம்ப்பைப் பொருத்தியபோது சிலிகான் பேஸ்ட்டை அளவுக்கு மீறிப் பூசியிருந்தார்கள். உட்புறம் பிதுங்கிய பேஸ்ட், ரப்பர் கீற்றுகளாகப் பிரிந்து, ஆயில் பம்ப் உறிஞ்சும் வழியிலுள்ள ஸ்ட்ரெய்னரின் வலையில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. அதைக் கவனிக்காமல் புதிய ஷாஃப்ட்டை மாட்டியிருந்தால் அதுவும் அதே கதிக்கு ஆளாகியிருக்கும். எனவே ஸ்ட்ரெய்னரை மாற்றி, பிளாக்கின் ஆயில் வழிகள் அனைத்தையும் பிளக்குகளைக் கழற்றிப் பிரஷ் விட்டுக் கழுவச் செய்தேன். ஆயில் கூலரின் உட்புறத்தில் ஒளிந்திருக்கும் உலோகத் துகள்களை முழுமையாக வெளியேற்றுவது கடினம் என்பதால் அதையும் புதிதாகப் போட்டேன். பேரிங் சுழன்ற கனெக்டிங் ராடின் துளை வட்டம் இழந்திருந்ததால், அந்த ராடையும் மாற்ற வேண்டியதாயிற்று.

பொருத்தும்போது, நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் பிளாஸ்டிக் இழையான பிளாஸ்டிகேஜ் வைத்து ஒவ்வொரு பேரிங்கின் இடைவெளியையும் பார்த்தோம். ஜர்னல் விட்டத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது தோராயக் கணக்கு என்றாலும், எஞ்சின் கையேட்டின் அளவையே பின்பற்றினோம். ஷாஃப்ட் முன்பின்னாக அதிகம் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரின் இடைவெளியும் சரியாக இருந்தது. கனெக்டிங் ராடு போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் பிரஷர் ஏறும் வரை எரிபொருளைத் துண்டித்து வைத்துச் சுழற்றினோம். முதல் ஆயிலை வழக்கத்தைவிட வெகு சீக்கிரமே மாற்றி, ஃபில்டரை அறுத்து விரித்துப் பார்த்தேன். செம்புத் துகள் எதுவும் இல்லை.

கிரைண்டிங்குக்குப் பிறகு மீண்டும் நைட்ரைடிங் செய்து நீண்ட காலம் ஓட்டியவர்கள் இருந்தால், அந்த வெப்பத்தில் ஷாஃப்ட் வளைந்ததா, அதை எவ்வாறு நிமிர்த்தினார்கள் என்பதைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.